விருந்தாளி எண் 2

1

போன மாதம் என் மகள் மெர்சி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்தாள். தாய்லாந்தின் அடிதடிச் சிரிப்புப் படங்களில் வெளிநாட்டுக்காரர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்பது அதன் விஷயம். பாங்காக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கட்டுரையில் பதினோரு படங்கள் வருகின்றன.

எனக்குத் தாய்லாந்து எழுத்து வேலைக்கு வேண்டிய அளவு படிக்க வரும். எண்ணெய் ஊற்றவும், கை வைக்காதே, அபாயம், இந்த மாதிரி. கட்டுரை படிக்க அது போதாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, தட்டுகளைக்கூட எடுக்காமல், மெர்சியே கூடத்தில் உட்கார்ந்து எனக்கும் என் மனைவி வசந்தாவுக்கும் தமிழில் சொன்னாள். மெர்சியின் தமிழ் பிறந்து வளர்ந்தது முழுக்க இந்தக் கூடத்தில்தான். வெளியே போய்ப் பழக்கமில்லை.

"இந்தப் படம் தொண்ணூத்தொண்ணு. இதுல ஒரு இந்தியன் வரான். பேரு கிடையாது. லிஸ்ட்ல 'விருந்தாளி நம்பர் டூ'ன்னு போட்டிருக்கு. தலைல கடலைக் கூடை. ஹீரோகிட்ட ஒதை சாப்பிடறான்."

"ஒதை வாங்கறான்," என்றாள் வசந்தா.

"வாங்கறான். பேசறது பாஷையே இல்ல, சும்மா அர்த்தமில்லாத சத்தம். இந்தியன் பேசினா அது வெறும் சத்தம்னு காட்டறாங்க. அதைத்தான் நான் எழுதியிருக்கேன்."

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

"மெர்சி, அது நான்தான்," என்றேன்.

மெர்சி சிரிக்கவில்லை. மடிக்கணினியை மூடினாள். திறந்தாள். திரையில் நின்ற தாடிக்காரனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து நான்கு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஆய்வுக்காகப் பேட்டி கொடுக்க மனமுவந்து சம்மதிக்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேட்டியால் எனக்கு மனவேதனை உண்டானால் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது.

கையெழுத்துப் போட்டேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். உங்களிடம் படிவம் எதுவும் வாங்கவில்லை.

2

என் ஊர் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பிள்ளைப்பாக்கம். ஐடிஐயில் பிட்டர் படித்தவன். பாங்காக்குக்குத் தெற்கே ஒரு நூற்பாலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலாளி இந்தியர், தொழிலாளிகள் தாய்லாந்துக்காரர்கள். மிஷின் நின்றால் ஓட்டுவதற்கு நடுவில் எங்களைப் போல ஏழெட்டுப் பேர்.

1991 ஜூன் மாதம் எங்கள் ஆலையின் பழைய பஞ்சுக் கிடங்கை ஒரு சினிமாக் கம்பெனி நான்கு நாள் வாடகைக்கு எடுத்தது. கதாநாயகன் போலீஸ்காரன். வில்லன் கிடங்கில் ஒளிந்திருக்கிறான். கிடங்கு வாசலில் இரண்டு இந்தியர்கள் கடலை விற்கிறார்கள். முதல் இந்தியன் ஒரு தாய்லாந்துச் சிரிப்பு நடிகர். இரண்டாவது இந்தியனாக வரவேண்டியவருக்குக் காய்ச்சல். உதவி இயக்குநர் கையில் ஸ்பேனரோடு போய்க்கொண்டிருந்த என்னைப் பிடித்தார்.

"நீ கேக் தானே?"

கேக் என்றால் அவர்கள் மொழியில் விருந்தாளி. பஞ்சாபியும் கேக், தமிழனும் கேக், மலாய்க்காரனும் கேக், அரபியும் கேக். வந்து எத்தனை வருடமானாலும் விருந்தாளிதான். ஆமாம் என்றேன்.

எந்த ஊர் என்று கேட்டார். பிள்ளைப்பாக்கம் என்று சொல்லிப் பயனில்லை என்பதால் ஸ்ரீபெரும்புதூர் என்றேன். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் ஊருக்குத் தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவர் ஒருவர் குண்டு வெடித்துக் கொல்லப்பட்டிருந்தார். தாய்லாந்துப் பத்திரிகைகளிலும் ஊர்ப் பெயர் வந்திருந்தது. உதவி இயக்குநர் இரண்டு கைகளையும் விரித்து வெடிப்பதுபோலக் காட்டிக் கேள்வியாகப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் போய் இயக்குநரிடம் ஏதோ சொன்னார். அதுவரை கடலை மட்டும் விற்றுக்கொண்டிருந்த இரண்டாவது இந்தியன், அன்று மதியத்திலிருந்து வில்லனின் அடியாளாகவும் ஆனான்.

ஒப்பனை செய்யும் பெண்ணுக்கு ஒரு குறை இருந்தது. நான் இந்தியன் மாதிரி இல்லையாம். நிறத்தில் குறையில்லை. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முதல் இந்தியனுக்குக் கரி பூசினார்கள். மற்றபடி போதவில்லை. தாடி ஒட்டினார்கள். நெற்றியில் ரூபாய் அளவு சிவப்புப் பொட்டு. கழுத்தில் சாமந்தி மாலை. கடைசியில் ஆறு முழம் ஆரஞ்சுத் துணியில் தலைப்பாகை. என் பெயர் மோசஸ். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைத்ததில்லை, தலைப்பாகை கட்டியதில்லை. கண்ணாடியில் பார்த்தபோது, இத்தனை மதத்துக்கும் சேர்த்து ஒரே ஆள் உதை வாங்கப்போகிறானே என்றுதான் தோன்றியது.

அந்த வேஷத்தோடு ஸ்டோர் வழியாகப் போனேன். எங்கள் ஸ்டோர் கீப்பர் குர்பச்சன் சிங், சீக்கியர், பாங்காக்கிலேயே பிறந்தவர். நான் வந்த புதிதில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்து, சந்தையில் விலை கேட்கக் கற்றுக்கொடுத்தவர். எங்களுக்குள் பேச்சு பாதி இந்தி, பாதி தாய்லாந்து மொழி. உண்மையில் அந்த வேஷத்துக்கு எனக்கு முன்னால் அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். தலைப்பாகையைத் தொடாமல் இருந்தால் நடிக்கிறேன் என்றாராம். அது கழன்று பறப்பதுதான் சிரிப்பே என்றார்களாம். அவர் கவுன்டரை மூடிவிட்டார்.

இப்போது கவுன்டரைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மோசஸ், தலையில் அடிபட்டதா?"

"இல்லை சிங்ஜி. சினிமா."

"நீ விழும்போது இது கழலுமா?"

"கழல வேண்டும் என்கிறார்கள்."

"அப்படியானால் விழுவது நீ இல்லை. நான்."

ஒரே ஒரு நாள்தானே சிங்ஜி என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் மறுபடி கவுன்டரை மூடினார்.

3

வசனம் என்று எதுவும் கொடுக்கவில்லை. "இந்திய மொழியில் பேசு," என்றார் இயக்குநர். எந்த மொழியில் என்று கேட்டேன். "இந்திய மொழியில்," என்றார் இன்னும் பொறுமையாக. என்ன பேசுவது? கேமரா ஓடியது, கதாநாயகன் எதிரே நின்றான். என் வாயில் வந்தது எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் சொல்வதுதான். "பூந்தமல்லி, செம்பரம்பாக்கம், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம்!" கோபமாகச் சொன்னேன். எல்லோருக்கும் திருப்தி. கதாநாயகன் நெஞ்சில் உதைத்தான். நான் கூடையோடு பஞ்சு மூட்டைமேல் விழுந்தேன், தலைப்பாகை பறந்தது. ஒன்பது முறை எடுத்தார்கள். வலிக்காமல் உதைக்கத் தெரிந்த நல்ல பையன். ஒவ்வொரு முறையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

மூன்று மாதம் கழித்துக் குரல் பதிவுக்குக் கூப்பிட்டார்கள். படம் முழுக்கப் பிறகுதான் குரல் சேர்ப்பார்களாம். என் வாய் அசைவுக்குப் பேச அங்கே வேறு ஆள் இல்லை.

சின்ன இருட்டறை. திரையில் என் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. நான் என்னை வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. தாடி தெரிந்தது, மாலை தெரிந்தது, கூடை தெரிந்தது. நடுவில் எங்கோ என் கண்கள் இருந்தன. உதை விழுந்தது. மறுபடி தாடி, மாலை, கூடை, உதை. நாலைந்து முறை பார்த்ததும் எனக்கே அந்த ஆள் யாரென்று சந்தேகம் வந்தது.

ஒலிப்பதிவாளர் கை காட்டினார். பூந்தமல்லி என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"எம் பேரு மோசஸ். நானு பிட்டரு. மிசினு நின்னா நான்தான் ஓட்டணும். என்னை ஏன்டா ஒதைக்கிற?"

உதட்டசைவு முன்னே பின்னே இருந்தது. பூந்தமல்லிக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் உதடு ஒட்ட வேண்டிய இடங்கள் நிறைய. இரண்டாம் முறை இழுத்தும் சுருக்கியும் சரியாகப் பொருத்தினேன். அதுவும் பிட்டர் வேலைதான். ஒலிப்பதிவாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

என் பேச்சுக்குக் கதாநாயகன் என்ன பதில் சொல்கிறான் என்பது தியேட்டரில்தான் தெரிந்தது. நான் என் பெயர், தொழில் எல்லாம் சொல்லி, ஏன் உதைக்கிறாய் என்று கேட்கிறேன். அவன் சொல்கிறான்: "எனக்குக் கடலை வேண்டாம்." பிறகு உதைக்கிறான். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. கைதட்டல்கூட இருந்தது.

4

அந்த வசனம் ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. நான் வேஷம் கலைத்தபின் சாதாரண ஆள், என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சிங்ஜிக்குக் கலைக்க வேஷம் இல்லை. பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டிலிருந்து "எனக்குக் கடலை வேண்டாம்!" சந்தையில் மீன் விற்கும் அம்மா, இருபது வருடமாக அவரைத் தெரிந்தவள், அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். அவர் செய்தது ஒன்றுதான். அதுவரை ஸ்டோருக்குப் போய்க் கேட்டால் பேரிங் கையில் வரும். இப்போது எனக்கு மட்டும் படிவம். மூன்று நகல், மூன்று பேர் கையெழுத்து, பழைய பேரிங்கைத் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். எல்லாம் ஆலையின் விதிப்புத்தகத்தில் இருப்பதுதான். யாரும் அதைப் படித்ததில்லை, அவ்வளவுதான். ஒரு தடவை மிஷினை நிறுத்திவைத்துக்கொண்டு அரை நாள் கையெழுத்துக்கு அலைந்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

5

இதற்குள் ஊரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். வாலாஜாபாத்தில் ஞானமுத்து வாத்தியாரின் மகள். அவள்தான் வசந்தா. பேச்சு ஏறக்குறைய முடிந்த நிலையில், நான் பெருமைக்காக அந்தப் படத்தின் கேசட் ஒன்றை லீவில் போன ஒருவரிடம் என் அண்ணன் சாமுவேலுக்குக் கொடுத்தனுப்பினேன். கூடவே கடிதத்தில், "படம் முழுக்கத் தாய் மொழியில்தான் இருக்கும்" என்று எழுதினேன். அண்ணன் அதைத் தாய்மொழி என்று சேர்த்துப் படித்துவிட்டார். தம்பி பாங்காக்கில் தமிழ்ப் படத்தில் நடித்திருக்கிறான் என்று தெருவெல்லாம் சொன்னார். வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்தார். மாப்பிள்ளை நடித்த படம் என்று வாலாஜாபாத்துக்கும் சொல்லி அனுப்பினார். வாத்தியார் மனைவியோடும் மகளோடும் வந்து முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று நடந்ததை அண்ணன் எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். பிறகு வசந்தாவும் சொல்லியிருக்கிறாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஒரு மணி நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "இன்னாடா சாமுவேலு, எந்த ஊரு தமிழு இது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாதிப் பேர் எழுந்து போகும் நேரத்தில் தலைப்பாகையும் தாடியுமாக ஒருவன் வந்தான். வாயைத் திறந்து சுத்தமான பிள்ளைப்பாக்கத்துத் தமிழில் என் பெயர் மோசஸ் என்றான். பிட்டர் என்றான். ஏன்டா உதைக்கிறாய் என்றான். உதைத்தார்கள்.

அந்தப் படத்தை உலகத்தில் எத்தனை பேர் பார்த்தார்களோ, என் பேச்சு புரிந்தது அந்தத் தெருவுக்கு மட்டும்தான். அவர்கள் அதை அப்படியே நம்பினார்கள்.

அம்மா அழுதுவிட்டாளாம். "பேரைச் சொல்லியும் ஒதைக்கிறானுங்களே, பாவிங்க."

"அய்யே, அது நடிப்பும்மா," என்றார் அண்ணன்.

வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தார். "நடிப்புன்னா வேற பேரு வெச்சிருப்பாங்களே? சொந்தப் பேரைச் சொல்றாரு. செய்யற வேலையைச் சொல்றாரு. பிட்டருன்னு சொல்லிகினு போனவரு அங்க போயி மதம் மாறி கடலை வித்துகினு கீறாரு. அத்தையும் வுடாம ஒதைக்கிறானுங்க. எம் பொண்ணை அங்க அனுப்பி நான் இன்னா பண்றது?"

அண்ணன் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தார்: "டேய் மோசே, அல்லாம் உன்னாலதான். வாயை மூடிகினு ஒதை வாங்கியிருந்தா நடிப்புன்னு சொல்லி சமாளிச்சிருப்பேன். இப்ப வாத்தியாரு கம்பெனி லெட்டர் கேக்கறாரு. நீ பிட்டர்தான், உன்னை யாரும் ஒதைக்கறதில்லன்னு சீல் வெச்சு வேணுமாம்."

6

ஆலை அலுவலகத்தில் பணியாளர் பிரிவுப் பெண்மணி என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். பிட்டராக வேலை செய்கிறார் என்று கடிதம் தர முடியும், உதைப்பதில்லை என்று தர வழியில்லை என்றார். முதலில் உதைத்ததாகப் புகார் இருக்க வேண்டும், விசாரணை நடந்திருக்க வேண்டும், அப்போதுதான் உதைக்கவில்லை என்று முடிவு எழுதலாம். புகார் கொடுக்கிறாயா என்று கேட்டார். யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆலையில் ஒருவரால்தான் முடியும். மதிய இடைவேளையில் ஸ்டோருக்குப் போனேன். சிங்ஜி வழக்கம்போலப் படிவத்தை எடுத்து வைத்தார்.

"பேரிங் வேண்டாம் சிங்ஜி," என்று அண்ணனின் கடிதத்தை எடுத்தேன். முழுவதையும் இந்தியில் சொன்னேன். குரல் பதிவில் நான் சொன்னதைச் சொன்னபோது அவர் தலை நிமிர்ந்தது.

"உன் பெயரையா சொன்னாய்?"

"ஆமாம்."

"அப்போது தலைப்பாகை தலையில் இருந்ததா?"

"இருந்தது. அதற்குப் பிறகுதான் பறந்தது."

"நீ உன் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டாய்," என்றார். "என்னை அங்கேயே விட்டுவிட்டாய்."

மன்னித்துக்கொள்ளுங்கள் சிங்ஜி என்றேன். கண் கலங்கியதா என்று நினைவில்லை. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

அவர் படிவத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். இதனால் சகலருக்கும் அறிவிப்பது, திரு மோசஸ் இந்த ஆலையில் பிட்டர், நன்னடத்தை உள்ளவர். வேலை நேரத்தில் இவரை யாரும் தாக்குவதில்லை. தலையில் இவர் எதையும் சுமப்பதில்லை, அணிவதில்லை. கடைசி வரியை எழுதிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். டைப் அடித்து, ஸ்டோர் முத்திரையைத்தான் குத்தினார். "பொருள் சரிபார்க்கப்பட்டது" என்று அதில் இருக்கும். வாத்தியார் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

மறுநாள் பேரிங் கேட்டேன். அவர் படிவம் கேட்கவில்லை.

7

வசந்தா இங்கே வந்தாள், மெர்சி பிறந்தாள். கேசட்டின்மேல் அண்ணன் யாருடைய கல்யாணத்தையோ பதிவு செய்துவிட்டார். சிங்ஜி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. படத்தைப் பற்றி நான் மெர்சியிடம் பேசியதே இல்லை.

பிள்ளைப்பாக்கமும் இப்போது வேறு. வயலெல்லாம் தொழிற்சாலை. அண்ணன் மகன் டேனியல் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். போன வருடம் கம்பெனி ஆண்டு விழா நாடகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அவன்தான் எழுதியது. வெற்றிலைக் கறையும் அழுக்குத் துண்டுமாக வடக்கத்திப் பையன் ஒருவன் வருகிறான், ஏதோ சத்தம் போடுகிறான், எல்லோரும் அவன் தலையில் தட்டுகிறார்கள். ஒரே சிரிப்பு. நடித்தவன் நிஜமாகவே பீகார் பையனாம்.

போன் போட்டேன். "டேனி, அந்தப் பையன் பேர் என்ன?"

"தெரில சித்தப்பா. ஷிஃப்ட்ல அல்லாரும் பய்யான்னுதான் கூப்புடுவோம். ஏன், நல்லா கீதா?"

"அவன் என்ன பேசறான் அதுல?"

"அவன் பாஷைல இன்னாவோ பேசுவான். யாருக்குப் புரியும்? காமெடி சித்தப்பா."

புரிந்துகொண்டு சொல் என்றேன். சரி சித்தப்பா என்றான். இன்னும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

8

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெர்சி அந்தக் காட்சியை ஓட்டினாள். இந்த முறை சத்தத்தைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எம் பேரு மோசஸ். நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். ஐந்தாவது முறை அவள் உதடு கூடவே அசைந்தது.

"நான் இதைத் தமிழ்னுகூட நினைக்கலையே அப்பா," என்றாள். "இருபது தடவைக்கு மேல கேட்டேன். அர்த்தமில்லாத சத்தம்னு நானே எழுதியிருக்கேன்."

அவள் அழுததை நான் நிறுத்தவில்லை. வேதனை உண்டானால் கூப்பிடும் எண் எனக்குத்தான், ஆய்வாளருக்கு இல்லை.

கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். 'ஏன்டா'வில் உள்ள 'டா'வைத் தாய்லாந்து மொழியில் எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் வாதாடினோம். பிறகு அவள் அம்மாவைக் கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் சரின்னு சொன்னே? அந்த லெட்டரைப் பார்த்துட்டா?"

"லெட்டரு எங்கப்பாவுக்கு," என்றாள் வசந்தா. "நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஒதை வுழுந்ததும் அல்லாரும் ஹீரோவைப் பாத்துகினு இருந்தாங்க. நான் இவரைப் பாத்தேன். வுழுந்தவரு எழுந்து, கீழ கொட்டின கடலையெல்லாம் பொறுக்கிக் கூடைல போட்டுகினு இருந்தாரு."

எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. மெர்சி படத்தை ஓட்டினாள். உண்மைதான். நடுவில் கதாநாயகன் துப்பாக்கியோடு நிற்கிறான். இடது மூலையில், பாதி திரைக்கு வெளியே, வெறுந்தலையோடு ஒருவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"ஆம்பள கீழ கொட்டினதைத் தானே பொறுக்கறானேன்னு நெனைச்சேன்," என்றாள் வசந்தா. "வூட்ல கூடமாட வேலை செய்வாருன்னு நம்பி வந்தேன்."

"செஞ்சாரா?"

வசந்தா எங்கள் மூவரின் எச்சில் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அது நடிப்பு," என்றாள்.

மெர்சி அதையும் எழுதிக்கொண்டாள்.